தன்னியக்கக் கியர்ப்பெட்டி: கொடிகாமத்தில் நாம் கற்ற பாடம்

இலக்கியமும் சமயமும் வரலாறும் நிரம்பிய விழா மலரொன்றில் மோட்டார் வண்டியின் கியர்ப்பெட்டிக்கு இடமுண்டோ என அன்பர் சிலர் வினவக்கூடும். எண்ணெய்க் கறை படிந்த பொருளொன்றைக் கொணர்ந்து இவ்வேடுகளுக்கு நடுவே வைப்பது முறையாகுமோ என்னும் ஐயம் எமக்கும் எழாமலில்லை. ஆயினும், நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியரும் வைத்தியரும் உத்தியோகத்தரும் இருப்பதுபோலவே, வண்டி ஓட்டிப் பிழைப்போரும் வண்டி திருத்திப் பிழைப்போரும் உளர். அவர்களுள் ஒருவருக்கு நேர்ந்த இடரும், அவ்விடரின்போது நாம் கூறிய பிழையான ஆலோசனையும், அப்பிழையினின்று நாம் கற்றுக்கொண்டவையுமே இக்கட்டுரைக்குப் பொருளாம். பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

நிகழ்ந்தது யாது?

கொடிகாமத்தைப் பற்றி நம்மவர்க்கு அதிகம் கூறவேண்டுவதில்லை. கண்டி வீதியினின்று பருத்தித்துறை வீதி பிரியும் அச்சந்தியில், தென்மராட்சியின் தேங்காயும் பலாவும் மாங்கனியும் வந்து குவியும் சந்தை உள்ளது. எம் நண்பர் அச்சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்பவர். தோட்டந்தோறும் சென்று காய் வாங்கி, உரித்து, சந்தைக்கும் கொழும்பு லொறிகளுக்கும் ஏற்றி விடுவது அவர் தொழில். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைக்கு வாகனம் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. அத்தடை தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை மலைபோல் ஏறிற்று. அவ்வேளையில்தான் நண்பர் பலகாலம் ஓடிய ஜப்பானியப் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். கிளச்சு மிதியாமல், கியர் மாற்றாமல் ஓட்டத்தக்க தன்னியக்கக் கியர்ப்பெட்டி உடையது அது. முழங்கால் வலியால் வருந்தும் அவருக்கு அது பெரும் வசதியாகத் தோன்றிற்று.

இரண்டு ஆண்டுகள் வண்டி குறையின்றி உழைத்தது. ஒருநாள் நடுப்பகலில், மணற்காட்டுப் பக்கமிருந்து பாரம் ஏற்றி வருகையில், வரணியை அண்மித்தபோது இயந்திரம் உறுமிற்று. வண்டியோ நகர மறுத்தது. கருகிய நாற்றம் எழுந்தது. கராஜுக்கு இழுத்துச் சென்றபோது, “பெட்டி முடிந்தது, மாற்றவேண்டியதுதான்” என்றனர். எம்மிடம் அவர் வந்து கேட்டார். பாடசாலையில் முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த நாமும், பெட்டியைத் திறந்து பாராமலே, “ஆம், மாற்றிவிடும்” என்றோம். மனைவியாரின் நகைகள் அடகுக்குப் போயின. கொழும்பிலிருந்து பழைய பெட்டியொன்று வந்து பூட்டப்பட்டது. நான்கு மாதம் சென்றது. அதே நாற்றம், அதே உறுமல், அதே நகராமை.

இரண்டாம் முறை வண்டியைப் பார்த்த முதியவரான மெக்கானிக் ஒருவர் எம்மை நோக்கிக் கூறியதை நாம் மறவோம்: “மாஸ்ரர், பெட்டியை மாத்தினம். பெட்டி ஏன் போச்செண்டு ஒருத்தரும் பாக்கேல்லையே?”

மாணவர் விடையெழுதும்போது, “காரணம் கூறுக” என்னும் பகுதியை விட்டுவிட்டால் புள்ளி குறைத்த கை எம்முடையது. அதே பிழையை நாமே செய்திருந்தோம். அன்றே இப்பொறியின் இயல்பை முதலிலிருந்து கற்க முற்பட்டோம்.

பொறியின் வரலாறு

தன்னியக்கக் கியர்ப்பெட்டியின் தலைவாயிலில் இருப்பது முறுக்கம் மாற்றும் உறுப்பு. கராஜுகளில் இதனைக் கொன்வேட்டர் என்பர். இதன் மூலக் கருத்து வீதியிற் பிறந்ததன்று, கடலிற் பிறந்தது. வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியின் வலுவை மெதுவாகச் சுழலவேண்டிய கப்பற் காற்றாடிக்கு எவ்வாறு கொடுப்பது என்று ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபொற்றிங்கர், திரவத்தின் வாயிலாக முறுக்கத்தைக் கடத்தும் அமைப்புக்கு 1905ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்திய ஹைட்ராமற்றிக் பெட்டி, 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளிற் பூட்டப்பட்டு, பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதலாவது முழுத் தன்னியக்கப் பெட்டியாயிற்று. ஜப்பானில் ரொயோட்டா நிறுவனம் 1959இல் ரொயோக்ளைட் என்னும் தன் பெட்டியை வெளியிட்டது. 1969இல் ஐசின் நிறுவனமும் அமெரிக்க போர்க்வோர்னர் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய ஐசின்-வோர்னர், பின்னர் ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்குப் பெட்டி செய்து கொடுத்தது.

உள்ளே நடப்பது யாது?

கொன்வேட்டரை இவ்வாறு உருவகித்துக் கொள்ளலாம். எதிரெதிரே இரு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்று மற்றதையும் சுழற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், திறந்த வெளிக்குப் பதிலாக மூடிய கூட்டையும் கொள்க. இயந்திரத்தோடு பிணைந்த இதழ்கள் எண்ணெயை வீசுகின்றன. பெட்டியோடு பிணைந்த இதழ்கள் அவ்வெண்ணெயால் உந்தப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, ஒரு திசையில் மட்டும் சுழலத்தக்க மூன்றாவது இதழ்த்தொகுதி ஒன்று நின்று, திரும்பும் எண்ணெயின் போக்கை மாற்றி, முறுக்கத்தைப் பெருக்கிக் கொடுக்கின்றது. வண்டி நிலையில் இருந்து புறப்படும்போது இப்பெருக்கம் ஏறத்தாழ இருமடங்கு வரை செல்லும். இதனாலேயே தன்னியக்க வண்டி பாரத்தோடும் மெல்லெனப் புறப்படுகின்றது.

கொன்வேட்டருக்குப் பின்னால் எண்ணெய்ப் பம்பு. அதற்கும் பின்னால் கோட் பற்சில்லுத் தொகுதிகள். நடுவே சூரியப் பற்சில்லு. அதனைச் சுற்றிக் கோட் பற்சில்லுகள். இவற்றைத் தாங்கும் காவி. எல்லாவற்றையும் வளைத்து உட்புறம் பற்கள் கொண்ட வளையம். சூரியன், காவி, வளையம் ஆகிய மூன்றனுள் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, ஒன்றை இயக்கினால், மூன்றாவது வேறொரு வேகத்தில் ஓடும்.

மாணவர் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குச் செய்வோம். சூரியனில் 30 பற்களும், ஒவ்வொரு கோளிலும் 21 பற்களும், வளையத்தில் 72 பற்களும் உள்ளன எனக் கொள்க. வளையத்தை நிறுத்தி, சூரியனை இயக்கி, காவியில் வலுவை எடுத்தால் விகிதம் 1 + 72/30 = 3.4 ஆகும். சூரியனை நிறுத்தி, வளையத்தை இயக்கி, காவியில் எடுத்தால் 1 + 30/72 = 1.417. காவியை நிறுத்தி, சூரியனை இயக்கி, வளையத்தில் எடுத்தால் 72/30 = 2.4, திசையோ எதிர்த்திசை. இதுவே பின்செல்லும் கியர். சூரியனை நிறுத்திக் காவியை இயக்கி வளையத்தில் எடுத்தால் 1/1.417 = 0.706, அதாவது உட்செல்லும் வேகத்தினும் வெளிவரும் வேகம் கூடும். எவையேனும் இரண்டைச் சேர்த்துப் பூட்டிவிட்டால் முழுத் தொகுதியும் ஒரே துண்டாகச் சுழல, விகிதம் 1 ஆகும். ஒரே தொகுதியில் எத்தனை கியர்கள்!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1980களின் நடுவிலிருந்து பல வண்டிகளிற் பூட்டப்பட்ட ஐசின் ஏ340 வகைப் பெட்டியின் விகிதங்கள் 2.804, 1.531, 1.000, 0.705 என்பன, பின்செல்லும் கியர் 2.393. இப்பொழுது 2.393 என்பதன் தலைகீழைக் காண்க: 0.418. அதனோடு ஒன்றைக் கூட்டுக: 1.418. மறுபடி தலைகீழாக்குக: 0.705. பின்செல்லும் கியரின் எண்ணிலிருந்தே நான்காம் கியரின் எண் பிறந்துவிட்டது. எழுபது பேர் கொண்ட வகுப்பில் இக்கணக்கை இட்டுக் காட்டியிருந்தால், பின்வரிசை மாணவனும் தலை நிமிர்ந்திருப்பான்.

பற்சில்லுகளைப் பிடிப்பதும் விடுவதும் உராய்வுத் தட்டுகளாலாய கிளச்சுகளின் வேலை. எண்ணெயில் நனைந்தபடியே இருக்கும் இத்தட்டுகளை, பம்பு தரும் எண்ணெயின் அமுக்கம் ஒன்றோடொன்று இறுக்குகின்றது. எந்தக் கிளச்சுக்கு எப்போது அமுக்கம் செல்லவேண்டும் என்பதை வால்வுத்தட்டு தீர்மானிக்கின்றது. பழைய பெட்டிகளில் இது முற்றிலும் எண்ணெயின் அமுக்கத்தாலேயே நடந்தது. பிற்காலத்துப் பெட்டிகளில் சிறு கணினியொன்று மின்காந்த வால்வுகள் வாயிலாக ஆணையிடுகின்றது.

ஆகவே இப்பெட்டியில் எண்ணெய்க்கு நான்கு தொழில்கள் உள. அது வலுவைக் கடத்துகின்றது, கிளச்சை இறுக்குகின்றது, தேய்வைத் தடுக்கின்றது, வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுகின்றது. உடலுக்கு இரத்தம் எவ்வாறோ பெட்டிக்கு எண்ணெய் அவ்வாறு என்பது மிகையன்று.

பகைவன் வெப்பமே

எம் நண்பரின் பெட்டியைக் கொன்றது யாது என்பதற்கும் ஒரு சிறு கணக்கு விடை தரும். மணலில் வண்டி ஊர்கின்றது. இயந்திரம் 30 கிலோவாற்று வலுவைத் தருகின்றது எனக் கொள்க. கொன்வேட்டரின் வெளிவரு வேகம் உட்செல் வேகத்தின் அரைப்பங்கு. முறுக்கப் பெருக்கம் ஒன்றரை மடங்கு. இவ்விரண்டின் பெருக்கமே திறன்: 0.5 × 1.5 = 0.75. எஞ்சிய காற்பங்கு, அதாவது 7.5 கிலோவாற்று, எண்ணெயை வெப்பமாக்குவதிலேயே செலவாகின்றது. பெட்டியில் 8 லீற்றர் எண்ணெய் இருப்பின் அதன் திணிவு ஏறத்தாழ 6.8 கிலோகிராம், தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்குப் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோயூல். எண்ணெயின் வெப்பநிலை ஒரு பாகை உயர 13.6 கிலோயூல் போதும். குளிரச் செய்வார் எவருமில்லையெனில், வெப்பநிலை செக்கனுக்கு அரைப் பாகைக்கு மேல் ஏறும். மூன்று நிமிடத்தில் நூறு பாகை! பெட்டியின் உலோகம் ஒரு பகுதியை ஏற்பதால் உண்மையில் ஏற்றம் சற்று மெதுவாக நிகழும். ஆயினும் ஆபத்தின் அளவு விளங்கும்.

இவ்வெப்பத்தை அகற்றவே, எண்ணெய் குழாய் வழியாக ரேடியேற்றரின் அடியிலுள்ள குளிர்த்தும் பகுதிக்குச் சென்று மீள்கின்றது. சாதாரண ஓட்டத்தில் எண்ணெய் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையில் நிற்பது நலம். அதற்கு மேல் பத்துப் பாகை ஏறுந்தோறும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையாளர் கைக்கொள்ளும் அனுபவ விதி. எண்ணெய் கெட, றப்பர் முத்திரைகள் இறுகுகின்றன, அமுக்கம் கசிகின்றது, கிளச்சுத் தட்டுகள் வழுக்குகின்றன, வழுக்கலால் மேலும் வெப்பம் பிறக்கின்றது, தட்டுகள் கருகித் தூளாகின்றன. அத்தூள் எண்ணெயோடு சென்று குளிர்த்தும் குழாய்களை அடைக்கின்றது.

இங்கேயே எமது பிழை வெளிப்பட்டது. முதற்பெட்டியின் தூள் ரேடியேற்றரின் உள்ளே தங்கிவிட்டது. நாம் பெட்டியை மாற்றினோம், அடைப்பை மாற்றவில்லை. இரண்டாம் பெட்டி வந்த நாள்முதலே குளிர்ச்சியின்றி வெந்துகொண்டிருந்தது. அப்பெட்டியிற் குறையில்லை, அது வந்து சேர்ந்த இடத்திலேயே குறை.

நோயை அறியும் முறை

நோய் இன்னதெனக் கண்டு, அது வந்த காரணத்தைக் கண்டு, தணிக்கும் வழியைக் கண்டு, அதன் பின்னரே மருந்து கொடுக்கவேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு. வண்டி மருத்துவனுக்கும் அதுவே ஒழுங்கு. அதனைப் பின்வரும் படிகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, எண்ணெயைப் பார்த்தல். அளவு, நிறம், மணம் என்னும் மூன்றும் பார்க்கத்தக்கன. தெளிந்த செந்நிறம் நன்று. கருங்கபில நிறமும் கருகிய மணமும் கிளச்சுத் தேய்வைக் காட்டும். பால் கலந்தாற்போன்று இளஞ்சிவப்பாக இருப்பின், ரேடியேற்றரின் உட்பகுதி உடைந்து நீர் கலந்துள்ளது என அறிக. நீர் தட்டுகளின் உராய்வுப் படையைக் கழன்று விழச் செய்யுமாதலால், இந்நிலையில் வண்டியை ஓட்டுதலும் ஆகாது. அளவு குறைந்திருப்பின், ஒழுக்கைக் கண்டு நிறுத்தி, உரிய எண்ணெயை நிரப்பினாலே சில வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, மின்சாரம். பற்றறியின் வலு, இணைப்புகள், எலி கடித்த வயர்கள் ஆகியவற்றைச் சோதித்து, கணினியிற் பதிந்துள்ள குறைக் குறியீடுகளை வாசித்தல் வேண்டும். கணினி ஐயுற்றால், பெட்டியைக் காக்கும்பொருட்டு வண்டியை ஒரே கியரில் நிறுத்திவிடும். உரிமையாளரோ பெட்டி செத்துவிட்டதென்று எண்ணுவார். ஒரு வயரின் குறைக்காக முழுப் பெட்டியை மாற்றியோர் உண்டு.

மூன்றாவது, அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தல். அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறக் களி படிந்திருத்தல் இயல்பே. உலோகச் செதில்களோ துண்டுகளோ கிடப்பின் உள்ளே உறுப்புகள் உடைகின்றன. கரிய நார்த்தூள் மிகுந்திருப்பின் கிளச்சுத் தட்டுகள் போய்விட்டன.

நான்காவது, அளத்தல். அமுக்கமானியைப் பூட்டி எண்ணெயின் அமுக்கத்தை அளந்து, செய்தோர் கைநூலிலுள்ள அளவோடு ஒப்பிடல்வேண்டும். முன்னோக்கு மட்டும் இழுக்காது பின்னோக்கு இழுப்பின், எந்தக் கிளச்சு எந்தக் கியரில் இயங்குகின்றது என்னும் அட்டவணையைக் கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். தடையை முழுதும் அழுத்தி இயந்திரத்தை முடுக்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதனை ஐந்து செக்கனுக்கு மேல் செய்யலாகாது. வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது. அறிந்தவர் துணையின்றி மாணவர் இதனை முயலாதிருப்பாராக.

ஐந்தாவது, குளிர்த்தும் குழாயின் ஓட்டம். பெட்டிக்கு மீளும் குழாயைக் கழற்றி ஓர் அளவுப் பாத்திரத்தில் விட்டு, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ அரை நிமிடத்தில் ஒரு லீற்றர் வருதல் நல்ல ஓட்டமாம். எம் நண்பரின் வண்டியில் அது நூலிழைபோல் ஒழுகிற்று. ஒரு போத்தலும் கைக்கடிகாரமும் கொண்டு செய்யத்தக்க இச்சோதனையை முதல்நாளே செய்திருந்தால், அவர் வீட்டு நகைகள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

திருத்துவதா? மாற்றுவதா?

வழிகள் மூன்று. குறை வால்வுத்தட்டிலோ மின்காந்த வால்விலோ வயரிலோ இருப்பின், பெட்டியை இறக்காமலே பல வேளைகளிற் சரிசெய்யலாம். இதுவே செலவிற் குறைந்தது. கிளச்சுகள் கருகியும் பற்சில்லுகளும் கூடும் நல்ல நிலையில் இருப்பின், பெட்டியைப் பிரித்துத் தட்டுகளையும் முத்திரைகளையும் புதுப்பித்தல் தகும். இதற்குத் தேர்ந்த கையும், தூசற்ற இடமும், உரிய கைநூலும் வேண்டும். கூடு வெடித்தோ பற்சில்லுகள் உடைந்தோ இருப்பின், வேறு பெட்டி வாங்குவதே வழி.

பழைய பெட்டி வாங்குவோர், உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குச் சென்றாலும் வேறெங்குச் சென்றாலும், உருவ ஒற்றுமையை மட்டும் நம்பலாகாது. வண்டியின் தகட்டிற் பொறிக்கப்பட்ட பெட்டிக் குறியீடு ஒத்திருக்கவேண்டும். இருசில்லு இயக்கமோ நான்குசில்லு இயக்கமோ என்பது, இயந்திரத்தின் வகை, மின்னிணைப்புகள், கொன்வேட்டர் யாவும் பொருந்தவேண்டும். விற்பவர் இசைந்தால் அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைப் பார்த்தே பணம் கொடுக்கவேண்டும். வெளியே கழுவி மினுக்கிய பெட்டி உள்ளேயும் மினுங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆழமறியாமல் காலை விடலாகாது என்று நம் முன்னோர் சொன்னது இவ்விடத்திற்கும் பொருந்தும்.

பூட்டும்போது கவனிக்கத்தக்கன

பற்றறியின் இணைப்பை முதலிற் கழற்றுக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுதல் உயிருக்கு உலை வைப்பதாகும். உறுதியான தாங்கிகளை இடுக. கொன்வேட்டரைப் பெட்டியோடு சேர்த்தே இறக்குக.

பூட்டும்போது கொன்வேட்டரைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளவேண்டும். அது படிப்படியாக இறங்கி, இறுதியிற் பம்பின் பற்களோடு முழுதும் பொருந்தும். கூட்டின் விளிம்பிலிருந்து அதன் ஆழத்தை அளந்து கைநூலோடு ஒப்பிட்ட பின்னரே பெட்டியை இயந்திரத்தோடு சேர்க்கவேண்டும். இடைவெளி தெரிந்தால் பொல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்க முயல்வோர், முதல்முறை இயக்கும்போதே பம்பை உடைத்துவிடுவர். இப்பிழை நேராதிருக்க ஓர் அடிக்கோலும் அரை நிமிடமும் போதும்.

முந்திய பெட்டியின் தூள் கலந்த எண்ணெய் சென்ற இடமெல்லாம் தூயதாக வேண்டும். குழாய்களைக் கழுவுக, அடைபட்ட குளிர்த்தியைக் கழுவ முயல்வதினும் புதியதை இடுதல் நன்று. கொன்வேட்டர் மூடிய கூடாதலால் அதனுட்பட்ட தூளை முழுதும் கழுவி அகற்றல் அரிது. கருகிய பெட்டியோடிருந்த கொன்வேட்டரை வெட்டிப் புதுப்பித்தோ மாற்றியோ இடுவதே பாதுகாப்பு.

எண்ணெயின் வகை மிக முக்கியம். டெக்ஸ்ரன், டைப் நான்கு, டபிள்யூ.எஸ். எனப் பல வகைகள் உள. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் கிளச்சுகளின் பிடிப்பு மாறிவிடும். செய்தோர் குறித்த வகையையே இடுக. முதலிற் கொள்ளுமளவு ஊற்றி, இயந்திரத்தை இயக்கி, தடையை அழுத்தியவாறு நெம்பை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி மாற்றி, மறுபடி ஊற்றி, எண்ணெய் குறித்த வெப்பநிலையை அடைந்தபின் அளவைத் தீர்மானிக்கவேண்டும். குளிர்ந்த நிலையிற் பார்த்த அளவு மெய்யளவன்று. கணினியுள்ள பெட்டியாயின் புதிய பெட்டிக்கு ஏற்ப அதனைப் பழக்கும் செய்முறையும் உண்டு. முதலில் வெறும் வண்டியாகவும், பின்னர் பாரத்தோடும் ஓட்டிப் பார்த்து, எண்ணெயை மீண்டும் சோதிக்க.

இன்னுமொன்று. பழைய மொறிஸ் வண்டியைப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளி உயிர்ப்பித்த பழக்கம் நம்மவர்க்கு உண்டு. தன்னியக்க வண்டியில் அது பலியாது. பம்பு இயந்திரத்தாலேயே ஓடுவதால், இயந்திரம் நின்றால் அமுக்கமும் இல்லை. உறுப்புகளுக்கு எண்ணெயும் இல்லை. இயக்கச் சில்லுகள் நிலத்திற் படும்படி நெடுந்தூரம் இழுத்துச் செல்வதும் அக்காரணத்தாலேயே பெட்டிக்குக் கேடாம்.

நண்பரின் வண்டி

மூன்றாவது பெட்டி வாங்க நண்பரிடம் பொருளில்லை. வாங்கும்படி கூற எமக்கு வாயுமில்லை. முதிய மெக்கானிக்கின் மேற்பார்வையில், கழுவித் துடைத்த சீமெந்துத் தரையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டாம் பெட்டியே பிரிக்கப்பட்டது. ஒரு கிளச்சுத் தொகுதியின் தட்டுகள் கருகியிருந்தன; முத்திரைகள் இறுகியிருந்தன; பற்சில்லுகளோ புதியனபோல் இருந்தன. கழற்றியவற்றை வரிசையாக அடுக்கி, இலக்கமிட்டு, ஒவ்வொரு படியையும் படம் பிடிக்கும் வேலை எமக்குத் தரப்பட்டது. கணக்கு வாத்தியாருக்குக் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்ததென்று நண்பர் சிரித்தார். அவர் சிரித்து நாம் கண்டது அம்மாதத்தில் அதுவே முதல்முறை.

தட்டுகளும் முத்திரைகளும் புதிதாயின. கொன்வேட்டர் மாற்றப்பட்டது. ரேடியேற்றருக்கு முன்னே, காற்று நேரே படும்வண்ணம், தனிக் குளிர்த்தியொன்று பூட்டப்பட்டது. ஓட்டுநர் கண்ணெதிரே எண்ணெயின் வெப்பநிலையைக் காட்டும் மானியும் வைக்கப்பட்டது. மணலிற் செல்லும்போது பாரத்தைக் குறைத்தல், சில்லின் காற்றைச் சற்று இறக்கிப் பின்னர் நிரப்பிக்கொள்ளல், தாழ்ந்த கியரிலேயே ஓட்டல், மானி ஏறினால் நிழலில் நின்று இயந்திரத்தை மெல்ல ஓடவிடல் என நான்கு விதிகளை ஒரு மட்டையில் எழுதி வண்டியுள்ளே ஒட்டினோம். அடகு வைத்த நகைகளுட் பெரும்பகுதி மீண்டுவிட்டது. வண்டி இன்றும் சந்தைக்கு வருகின்றது.

முடிவுரை

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, எரிபொருளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வாராது தடைப்பட்ட காலத்தை நம்மிற் பலர் அறிவர். அன்று ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் மைனரும், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அக்காலத்து மெக்கானிக்குகள் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் பெரிது. ஆயினும் அவ்வண்டிகளின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன; கையால் தொட்டும் காதால் கேட்டும் குறையை அறியலாயிற்று. இன்றைய பெட்டியோ மூடியது; அதன் குறை அமுக்கத்திலும் வெப்பநிலையிலும் மின்னோட்டத்திலும் மறைந்திருக்கின்றது. கைத்திறனோடு அளவையும் கணக்கும் சேர்ந்தாலன்றி அதனைக் காணல் இயலாது.

அவ்விரண்டும் சேரும் இடம் கல்லூரியே. வகுப்பறையிற் கற்பிக்கும் தன்வெப்பக் கொள்ளளவும் பற்சில்லு விகிதமும் கொடிகாமத்துக் கராஜொன்றில் ஒரு குடும்பத்தின் நகையைக் காக்கவல்லன என்பதை, முப்பது ஆண்டு அவற்றைக் கற்பித்த பின்னரே நாம் கண்டுகொண்டோம். மாணவர் இன்னும் விரைவிற் கண்டுகொள்வாராக. பழைய மாணவருள் கராஜ் நடத்துவோர், விடுமுறை நாட்களில் மாணவர் சிலரை அழைத்து, ஒரு பழைய பெட்டியைப் பிரித்துக் காட்டுவாராயின், அஃது இவ்விழாவுக்கு அவர்கள் அளிக்கும் நற்கொடையாகும். எண்ணெய்க் கறை கையிற் படும், பட்டால் கழுவிக்கொள்ளலாம். ஆராயாது கூறிய ஆலோசனையின் கறையே கழுவ அரியது.